எண்ணிப் பார்ப்பது

1

நம் வட்டத்தில் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் பகலில் ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். வங்கி, தபால், தாலுகா ஆபீஸ், இன்ஷூரன்ஸ். பகலில் பிழைப்பு நடத்திய இடத்தை இரவில் எழுதும்போது பழி வாங்கிவிடுகிறோம். சுற்றறிக்கை, ரிஜிஸ்டர், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் தனிமனிதனை நசுக்குவதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டவை என்பது நம் எழுதப்படாத கொள்கை. இந்தக் கொள்கைக்கு நாம் கூப்பிடும் சாட்சி எப்போதும் காஃப்கா.

அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்க்கலாம். காஃப்கா 1908 முதல் 1922 வரை ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்த நிறுவனத்தின் 1909-ஆம் வருஷ அறிக்கைக்காக அவர் மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சதுரத் தண்டு வைத்த இயந்திரத்தில் தொழிலாளியின் விரல் இடுக்கில் புகுந்து வெட்டுப்படும். உருண்டைத் தண்டு வைத்தால் அப்படி நேராது, நேர்ந்தாலும் காயம் சிறியது. ஆகவே உருண்டைத் தண்டு வைக்க வேண்டும் என்று, படங்களோடு, உணர்ச்சி கலக்காத வாக்கியங்களில் வாதாடுகிறார். ‘விசாரணை’யை எழுதிய அதே மனிதர்தான். விதி ஒரு மனிதனை எப்படி விழுங்கும் என்று அறிந்தவருக்கு, விதி ஒரு மனிதனின் விரலை எப்படிக் காப்பாற்றும் என்பதும் தெரிந்திருந்தது. நாம் அவரில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது நமக்குச் சௌகரியமாக இருந்தது.

எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது, 2017 வரை.

2

அப்போது நான் ஒரு சிறிய ஊரில், ஒரு சிறிய கிளையில் இருந்தேன். வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று தலைமைக் காசாளரிடம். மற்றது, அதிகாரிகள் பற்றாக்குறையால், என்னிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்க வேண்டும். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணித்தான் இருப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஏற்பாட்டின் வயது எனக்குத் தெரியாது. வங்கி என்ற ஸ்தாபனம் எப்போது மனிதனைப் புரிந்துகொண்டதோ அப்போது பிறந்திருக்கும்.

தலைமைக் காசாளர் என்னைவிட முப்பது வயது மூத்தவர். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். என் தங்கை கல்யாணத்தின்போது கேட்காமலே கொண்டுவந்து பணம் கொடுத்தவர். மதியம் அவர் டிபன்பாக்ஸில் பாதி எனக்கு. நான் படிக்கும் புஸ்தகங்களை வாங்கிப் புரட்டிவிட்டு, “இதெல்லாம் புரியறதுக்கு வேற ஜென்மம் வேணும் தம்பி” என்பார். இப்படிப்பட்ட மனிதர் காலையில், “நீ எதுக்கு எந்திரிச்சு வர, சாவியக் குடு” என்று கை நீட்டினால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொடுத்தேன். சாயங்காலம் புத்தகத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டேன். எண்ணவில்லை. எண்ணுவது அவருக்கு அவமரியாதை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. ரிஜிஸ்டர்களின் உலகத்தில் மனித உறவு என்கிற ஒன்றை நான் காப்பாற்றி வைத்திருப்பதாக.

திடீர்ச் சோதனைக்கு வந்த அதிகாரி ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளைப் பிரித்து எண்ணினார். பின்வரிசைக் கட்டுகளில் 360 நோட்டுகள் குறைந்தன. 1,80,000 ரூபாய். ஒரே நாளில் போனதல்ல, ஏழெட்டு மாதமாக, கட்டுக்கு ஐந்து பத்து என்று போயிருக்கிறது. அவர் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். எனக்கு அது தெரியும். பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததில்லை. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது அவர் பதவி நீக்கம் செய்யப்பட்டார். எனக்கு ஒரு இன்கிரிமென்ட் வெட்டு. விசாரணையில் என் வக்கீலாக இருந்த யூனியன்காரர், “நம்பிக்கையின் பேரில் கையெழுத்திட்டேன்னு எழுது” என்றார். அப்படியே எழுதினேன். அது பொய்யும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றியது; யாரிடமிருந்து யார் ஒளிவது என்றுதான் தெளிவாகவில்லை. அவரே வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது சொன்னார்: “நீ ஒருநா எண்ணிப் பாத்திருந்தேன்னா நா எடுத்திருக்க மாட்டேன் தம்பி.”

முதலில் எனக்குக் கோபம் வந்தது. குற்றத்தை என் மேல் தள்ளுகிறார் என்று பட்டது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அது குற்றச்சாட்டே இல்லை என்று புரிந்தது. அவர் ஒரு தகவலைச் சொன்னார். இரண்டாவது சாவி எதற்காக இருக்கிறது என்ற தகவல்.

3

குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஒருவனை ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் அவனைச் சந்தேகிப்பதும் இரண்டும் தீராத துன்பம் தரும் என்று அதன் கடைசிக் குறள் முடிக்கிறது. முதல் பாதியை எந்த வங்கியும் ஒப்புக்கொள்ளும். இரண்டாவது பாதியில்தான் சிக்கல். வங்கியின் விதி, நம்பியவனையும் தினம் ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. முப்பது வருஷம் குறையில்லாமல் வேலை பார்த்தவனையும், முந்தாநாள் சேர்ந்தவனையும் ஒரே மாதிரி. ஆக வள்ளுவர் பக்கம் நின்று பார்த்தால் என் செய்கை சரி. நம்பினேன், பின் ஐயப்படவில்லை.

ஆனால் எண்ணிப் பார்ப்பது சந்தேகம்தானா? இங்கேதான் நாம் தடுக்கி விழுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தேகம் ஒரு ஆளைப் பற்றியது. அவன் முகத்தைப் பார்த்துப் பிறப்பது. எண்ணுதல் நோட்டைப் பற்றியது. எல்லாக் கட்டையும், எல்லா நாளும், யார் வைத்தது என்று பாராமல் எண்ணினால் அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எப்போது சந்தேகம் ஆகிறது என்றால், நேற்று எண்ணாமல் விட்டுவிட்டு இன்று மட்டும் எண்ணும்போது. நான் ஒரு நாள் திடீரென்று எண்ண ஆரம்பித்திருந்தால் அவர் முகம் வாடியிருக்கும். முதல் நாளிலிருந்தே எண்ணியிருந்தால் அது பெட்டகக் கதவின் கிரீச்சொலி மாதிரி ஒரு அன்றாடச் சத்தம்.

வள்ளுவர் சொல்வது அரசனுக்கும் அமைச்சனுக்கும் இடையே உள்ள நம்பிக்கை. குணத்தைத் தெரிந்துகொள்வது பற்றியது. குணம் தெரிந்துகொள்ளக்கூடியது, தெரிந்தபின் மாறாதது என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அலுவலக விதி அந்த நம்பிக்கை இல்லாதது. மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கும் வருஷத்தில் நல்லவனும் இன்னொரு ஆளாக ஆகக்கூடும் என்று அதற்குத் தெரியும். இதை மனித வெறுப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இப்போது இது கருணையின் ஒரு வகையாகவே படுகிறது. மனிதன் தன் பலத்தை மட்டும் நம்பி ஒரு திறந்த பெட்டகத்தின் முன் தனியே நிற்க வேண்டிய நிலையை அது யாருக்கும் விதிப்பதில்லை. நான் அவரை நிற்க வைத்தேன். நம்பிக்கை என்ற பெயரில், எழுந்து போய் இருபது நிமிஷம் எண்ணுவதற்குச் சோம்பல்பட்டு, அவரைத் தனியே விட்டேன்.

4

“என்னை நம்பலியா?” இந்தக் கேள்வி நம் அலுவலகங்களில் ஒரு விதியைக் கொல்லப் போதுமானது. ஆனால் இது மேலிருந்து கீழே கேட்கப்படும் கேள்வி என்பதைக் கவனிக்க வேண்டும். அட்டெண்டர் மேனேஜரிடம் இப்படிக் கேட்க முடியாது. அவனை எப்போதும் சோதிக்கலாம், அவனுக்கு அது பழகிவிட்டது. சோதனை என்பது அந்தஸ்தில் தாழ்ந்தவனுக்கு உரியது என்ற எண்ணம் இருக்கும்வரை சோதனை அவமானமாகவே இருக்கும். மேலே உள்ளவனுக்கு விலக்கும் கீழே உள்ளவனுக்கு விதியும் என்றால் அதன் பெயர் ஒழுங்கு இல்லை, ஜாதி.

1971 மே 24-ஆம் தேதி புது தில்லி பார்லிமென்ட் தெருவில் ஸ்டேட் பாங்க் கிளையின் தலைமைக் காசாளருக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியது பிரதமர் இந்திரா காந்தி என்று அவர் நம்பினார். வங்காள தேசத்து ரகசிய வேலைக்கு 60 லட்சம் ரூபாய் வேண்டும். அடையாள வார்த்தை சொல்லும் ஆளிடம் கொடுக்க வேண்டும். ரசீதைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். காசாளர் பெட்டகத்திலிருந்து பணத்தை எடுத்து, தானே காரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிரதமர் வீட்டுக்கு ரசீது வாங்கப் போனார். அப்படி யாரும் பேசவில்லை என்றார்கள். பணத்தின் பெரும்பகுதி அன்றே மீட்கப்பட்டது. வாங்கிய நாகர்வாலா தண்டிக்கப்பட்டு, 1972-ல் காவலில் இருக்கும்போதே இறந்தார். வழக்கின் மர்மங்களை ஆராய்வது என் வேலை இல்லை. அந்தக் காசாளரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்கு ஒரு விஷயம் தெரிகிறது. அவரைப் பேராசை வழி தவறச் செய்யவில்லை. பக்திதான் செய்தது. அவர் சீரிய கீழ்ப்படிதலுள்ள மனிதர். குரலுக்குக் கீழ்ப்படிந்தார், செக் எங்கே என்று கேட்கவில்லை.

ஆக, கீழ்ப்படிதல் வேறு, விதியை மதித்தல் வேறு. இரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிரி. கீழ்ப்படிகிறவன் குரலை மதிக்கிறான். விதியை மதிக்கிறவன் அந்தக் குரலிடம் காகிதம் கேட்கிறான்.

இது நவீன ஸ்தாபனங்களின் பிரச்னை மட்டும் அல்ல. சிலப்பதிகாரத்தை ஒரு முறை காசாளனின் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஊடல் கொண்ட தேவியைத் தேற்றப் போகும் அவசரத்தில் இருக்கிறான் பாண்டியன். பொற்கொல்லன் வந்து சிலம்பு திருடியவன் அகப்பட்டான் என்கிறான். அரசன் சிலம்பைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கோவலனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. போகிறபோக்கில் உத்தரவு. காவலர்கள் கோவலன் முகத்தைப் பார்த்து, இவன் கள்வன் இல்லை போலிருக்கிறதே என்று தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம்தான் என்னை உறுத்துகிறது. அவர்கள் கண்டது சரி. ஆனால் அந்தத் தயக்கம் ஊன்றி நிற்க ஒரு பிடிமானம் இல்லை. ‘ஒப்பிட்டுப் பார்க்காமல் தண்டனை இல்லை’ என்று ஒரு வரி விதி இருந்திருந்தால் அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அரசனிடம் திரும்பிப் போயிருக்கலாம். பொற்கொல்லன் பேசியே தயக்கத்தைக் கரைக்கிறான். குடிவெறியில் இருந்த ஒருவன் வெட்டிவிடுகிறான். பிறகு சரிபார்ப்பு நடக்கிறது. சிலம்பு உடைகிறது, முத்து வரவேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறிக்கிறது. கணக்கு டாலி ஆகவில்லை. ஆனால் மதுரைக்கு நேரம் கடந்துவிட்டது.

விதி எளியவனுக்கு எதிரான ஆயுதம் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எளியவனின் தயக்கத்துக்கு ஒரு முதுகெலும்பு வேண்டுமானால் அது விதியிலிருந்துதான் கிடைக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

5

இதை ஒத்துக்கொண்டால், விதியை மதிக்கும் மனப்பாங்கை ஓர் அலுவலகத்தில் எப்படி வளர்ப்பது என்ற கேள்வி வருகிறது. நிர்வாகங்களிடம் இதற்குத் தயாரான பதில் உண்டு. வருஷந்தோறும் வல்லபபாய் படேலின் பிறந்த நாளை ஒட்டிய வாரத்தில் நாங்கள் வரிசையாக நின்று நேர்மை உறுதிமொழி எடுக்கிறோம். சுவரில் போஸ்டர். கம்ப்யூட்டரில் ஒரு பாடம். கடைசியில் பத்துக் கேள்வி, தேறினால் சான்றிதழ். எங்கள் கிளையில் ஒரு பையன் எல்லோருடைய பாஸ்வேர்டையும் வாங்கி எல்லோருக்கும் பரீட்சை எழுதிக் கொடுத்தான். பாடத்தின் தலைப்பு, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது. இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. நடந்தது.

தத்துவத்தில் இரண்டு கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கான்ட் 1785-ல் எழுதிய நூலில் வருபவர்: விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் விலையைக் கூட்டிச் சொல்லமாட்டார், ஏனென்றால் அது வியாபாரத்துக்கு நல்லது. கடமைக்கு இசைவாக நடக்கிறார், ஆனால் கடமையின் பொருட்டு நடக்கவில்லை. ஆகவே அவர் செய்கைக்குத் தார்மீக மதிப்பு இல்லை என்கிறார் கான்ட். இன்னொருவர் 1978-ல் வாட்ஸ்லாவ் ஹாவெல் எழுதிய கட்டுரையில் வரும் காய்கறிக் கடைக்காரர்: வெங்காயத்துக்கும் காரட்டுக்கும் நடுவே தொழிலாளர் ஒற்றுமைக் கோஷம் எழுதிய அட்டையை வைக்கிறார். அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. என்னை விட்டுவிடுங்கள் என்பதுதான் அந்த அட்டையின் உண்மையான வாசகம்.

எங்கள் உறுதிமொழி வாரம் ஹாவெலின் கடை. அங்கே செயலும் இல்லை, மனமும் இல்லை, அட்டை மட்டும் இருக்கிறது. கான்ட்டின் கடைக்காரரை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளமாட்டேன். குழந்தை சரியான சில்லறையோடு வீடு போய்ச் சேர்ந்தது. பெட்டகம் யாருடைய மனசுத்தத்தையும் கேட்பதில்லை. இரண்டு பேர் எண்ணினார்களா என்று மட்டும் கேட்கிறது. செய்துகொண்டே இருந்தால் மனம் பின்னால் வந்து சேரும். சேராவிட்டாலும் நஷ்டம் யாருக்கும் இல்லை.

அட்டை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 1762-ல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி 1995-ல் விழுந்தது. சிங்கப்பூரில் ஒரே ஆள் வியாபாரமும் செய்தான், அந்த வியாபாரத்தின் கணக்கையும் தானே பார்த்துக்கொண்டான். நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தான். 82 கோடி பவுனுக்கு மேல் போயிற்று. இந்த இரண்டு வேலையும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று 1994-லேயே அவர்களுடைய உள்தணிக்கை அறிக்கை சொன்னது. அறிக்கை ஃபைலில் பத்திரமாக இருந்தது. 2018-ல் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையில் வெளிவந்த மோசடியில், வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதம் போன செய்திகள் வங்கியின் சொந்தக் கணக்கில் ஏறவே இல்லை. சம்பந்தப்பட்ட அதிகாரி பல வருஷம் அதே நாற்காலியில் இருந்தார். அவர் ஓய்வுபெற்றபின் அந்த இடத்துக்கு வந்தவர் முன்பணம் எங்கே என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லையே என்று பதில் வந்தது. 11,400 கோடி ரூபாய் என்று முதலில் சொல்லப்பட்ட மோசடி ஒரு சாதாரணக் கேள்வியில் வெளியே வந்தது. நுட்பமான அதிகாரம் எல்லாம் வேண்டியிருக்கவில்லை. முக்கியமான நாற்காலிகளில் இருப்பவர்களை முன்னறிவிப்பின்றி வருஷத்துக்குப் பத்து வேலை நாளாவது லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-ல் எழுதியதற்கு இதுதான் உள்ளர்த்தம். ஒருவன் இல்லாத பத்து நாளில் அவன் நாற்காலி பேச ஆரம்பிக்கும்.

6

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் நானும் அட்டை வைப்பவன் ஆகிவிடுவேன்.

நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வருவார்கள். வயலில் கிடந்து ரேகை தேய்ந்துபோன ஒரு விதவைக் கிழவியின் விரலை இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று நாள் வந்தாள். மூன்று நாளும் “மிஷின் எடுக்கல பாட்டி, நாளைக்கு வா” என்றேன். அவள் எதிரில் நின்றுகொண்டு, “நான்தாம்ப்பா வந்துருக்கேன்” என்றாள். காஃப்காவின் பக்கத்தில் நான் ஒரு பாத்திரமாக இருந்தேன், கதாநாயகனாக இல்லை.

பிறகு ஒரு நாள் தற்செயலாகப் படித்தேன். எழுபது வயது தாண்டியவர்களின் வாழ்வுச் சான்றை வீட்டுக்கே போய் வாங்க ஏற்பாடு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியிருந்தது. அந்தக் கிழவிக்கான வழி விதிக்குள் இருந்தது. நான் விதியை என்னைக் காப்பாற்றும் பக்கம்வரை மட்டும் படித்திருந்தேன். விதியின் கொடுமை என்று நாம் எழுதுவதில் எவ்வளவு வாஸ்தவத்தில் விதியை அரைகுறையாகப் படித்ததன் கொடுமை என்பதை யாராவது கணக்கெடுக்க வேண்டும்.

ஆனால் எல்லாம் அப்படி இல்லை. எங்கள் யூனியன்களுக்கு ‘விதிப்படி வேலை’ என்று ஒரு போராட்ட முறை தெரியும். எந்த விதியையும் மீறாமல், ஒவ்வொன்றையும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்பது. சாயங்காலத்துக்குள் கிளை நின்றுபோகும். முழுக் கீழ்ப்படிதல் ஒரு வேலைநிறுத்தமாக ஆகிறது என்றால் விதிகளில் ஏதோ பொய் கலந்திருக்கிறது. நிறைவேற்ற ஆள் கொடுக்காமல் எழுதப்பட்டவை, தவறு நடந்தால் யார் தலையில் போடலாம் என்பதற்காக எழுதப்பட்டவை. மூன்று பேர் வேலையை ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்துப் போடு என்று சொல்கிற நிர்வாகம், எண்ணாமல் போடு என்றுதான் சொல்கிறது. விதியை மதி என்று கேட்கிறவனுக்கு, மதிக்கத்தக்க விதியை எழுதும் கடமையும், அதற்கான இருபது நிமிஷத்தைக் கொடுக்கும் கடமையும் உண்டு. தமிழில் சட்டத்துக்கும் தலையெழுத்துக்கும் ஒரே சொல் இருப்பதால், விதி வானத்திலிருந்து இறங்குவது, நாம் எழுதுவதல்ல என்று பழகிவிட்டோம்.

7

பிறகு நான் மாற்றலாகிப் போன கிளையில் ஒரு பெண் மேனேஜர் வந்தார். வந்த மறுநாள் தன் சொந்தக் கணக்கில் பணம் எடுக்க வரிசையில் வந்து நின்றார். காசாளர் சீட்டை வாங்கிப் பார்க்காமலே பணத்தை எடுத்தார். மேனேஜர் சீட்டைத் திருப்பி நீட்டினார்.

“கையெழுத்தைப் பாத்துட்டுக் குடுங்க.”

“உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா மேடம்?”

“தெரியும்ல? அப்பப் பாக்கறதுல என்ன கஷ்டம்?”

அவ்வளவுதான். சொற்பொழிவு இல்லை, போஸ்டர் இல்லை. ஒரு மாதத்துக்குள் அந்தக் கிளையில் “என்னை நம்பலியா” என்ற வாக்கியம் வழக்கொழிந்துபோயிற்று. மேலே இருப்பவர் தன்னைச் சோதிக்கக் கொடுத்துவிட்டால் கீழே இருப்பவனுக்குச் சோதனை அவமானமாக இருப்பதில்லை. இதற்கு மேல் ஒரு கலாச்சாரத்தை எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை ஏன் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். நாமும் ஒரு சிறிய கிளைதான். நண்பனின் தொகுதிக்கு முன்னுரை எழுதுகிறோம். எத்தனை முன்னுரைகள் எண்ணாமல் போட்ட கையெழுத்துகள்? ஒரு கவிதையை வரிவரியாகப் பார்த்து, இந்த இடத்தில் நோட்டு குறைகிறது என்று சொன்னால் உறவு முறிகிறது; சொல்லாவிட்டால் நம்பிக்கை என்று பெயர். நாம் அவனையும் தனியே விடுகிறோம். அவன் மூன்றாவது தொகுதியில் கெட்டுப்போனபின் திடீர்ச் சோதனைக்கு வரும் அதிகாரி மாதிரி ஒரு கட்டுரை எழுதித் தீர்த்துவிடுகிறோம். முதல் தொகுதியிலிருந்தே எண்ணியிருக்க வேண்டும்.

இப்போது இரண்டாவது சாவி மறுபடியும் என்னிடம். முதல் சாவி சேர்ந்து ஆறு மாதமான ஒரு பையனிடம். முதல் நாள் நான் கட்டுகளைப் பிரித்து எண்ண ஆரம்பித்தபோது அவன் முகம் சுருங்கியது. எனக்குத் தெரிந்த சுருக்கம். எண்ணி முடித்து என் பக்கத்துக் கட்டுகளை அவன் பக்கம் தள்ளினேன். “இத நீ எண்ணு.”

“நீங்க எண்ணிட்டீங்களே சார்.”

“அதனாலதான்.”

தமிழில் எண்ணுவது என்றால் நினைப்பதும்தான். அவன் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. சரியாக இருந்தது.